பாசி அக்கா

20 ஜனவரி 2025
வங்கியின் மண்டபம் கிளையில் இன்று வேலைக்குச் சேர்ந்தேன். வீடு கிடைத்தது பாம்பனில். தினமும் பஸ்ஸில் பாலம் தாண்டிப் போய்வர வேண்டும். கோவில்பட்டியில் வளர்ந்தவளுக்கு, இரண்டு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போவது புதுசு. வாடைக்காற்று பலமாக அடிக்கிறது. இங்கே ஒருவரையும் தெரியாது.

22 ஜனவரி
காலை பஸ்ஸில் ஒரு பெண் சாக்கு மூட்டையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும். மூட்டையில் காய்ந்த கடல்பாசி, ஒரே கவிச்சை. கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. மூட்டைக்கு டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் அவர் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. காலையிலேயே குடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "எந்த ஊரு தாயி?" என்று கேட்டார். வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லிவிட்டு, முன்னால் சீட் காலியானதும் எழுந்து போய்விட்டேன்.

24 ஜனவரி
இன்று நடந்ததை முழுதாக எழுதி வைக்க வேண்டும்.

பதினோரு மணிக்கு அதே பெண் என் கவுன்டருக்கு வந்தார். ஆதார் சரிபார்க்க ரேகை வைக்க வேண்டும். கட்டைவிரலை வைத்தார், மெஷின் எடுக்கவில்லை. ஆள்காட்டி விரல், அதுவும் இல்லை. "மூணாவது தடவையா வர்றேன், என் விரலு விரலு இல்லையா?" என்று கத்தினார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வேறு வழியில்லாமல் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன்.

விரல் நுனிகளில் வரியே இல்லை. தேய்ந்து, கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தன. கணுக்களில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள், சில ஆறியவை, சில புதுசு. "என்னக்கா இது?" என்றேன். அவர் காதை என் பக்கம் சாய்த்தார். மறுபடி உரக்கக் கேட்டேன். "பாசி தாயி. பாறையில ஒட்டிக்கிட்டிருக்கும். மூச்சைப் பிடிச்சு முங்கி, கையாலதான் பிச்சு எடுக்கணும். எட்டு வயசுல இறங்கினேன்."

கண் சிவப்பு உப்புத்தண்ணீரால். சத்தம், வருஷக்கணக்காகத் தண்ணீர் புகுந்து காது மந்தமானதால். தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காதவர் எப்படி மெதுவாகப் பேசுவார்? முந்தாநாள் நான் எழுந்து போனது நினைவுக்கு வந்து முகம் சுட்டது.

ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து வைத்துப் பார்த்தோம். கடைசியில் இடது சுண்டுவிரலை மெஷின் எடுத்துக்கொண்டது. அந்த விரலுக்குப் பாறையில் அவ்வளவாக வேலை இல்லையாம். கிளம்பும்போது அக்கா சொன்னார்: "பஸ்ஸுல கேட்டதுக்குப் பதில் சொல்லாம எந்திரிச்சுப் போனியா, ரொம்பத் தலைக்கனம் பிடிச்ச புள்ளன்னு நெனச்சேன். மெதுவாப் பேசுற புள்ளைதானா நீ!"

27 ஜனவரி
பஸ்ஸில் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்தேன். "கோவில்பட்டி" என்று உரக்கச் சொன்னேன். கடலைமிட்டாய் ஊர்தானே என்றார்.

11 பிப்ரவரி
தைப்பூசம், வங்கி விடுமுறை. அக்கா கரைக்கு வரச் சொல்லியிருந்தார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும் நாட்களில்தான் பாசிக்கு இறங்குவது வசதி. விடியுமுன்னே பத்துப் பன்னிரண்டு பெண்கள் படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பையிலிருந்து நான் நோட்டை எடுத்ததும் பேச்சு நின்றுபோனது. ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகுதான் புரிந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். இவர்களின் தாயும் பாட்டியும் பாசி எடுத்த தீவுப் பக்கம் இப்போது போகக்கூடாது. நோட்டும் கையுமாக யாராவது வந்தால், அடுத்து என்ன வருமோ என்று பயம் வருவது இயற்கைதானே. பவளப்பாறையைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் நியாயம்தான். ஆனால் இந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசாமல் அதைச் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. "நம்ம பேங்க் புள்ளதான், பேசுங்கடி" என்று அக்கா சத்தம் போட்டார். நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. கண்ணுக்குக் கண்ணாடி. இடுப்பில் வலைப்பை. பிறகு பழைய சேலையைக் கிழித்த துணிப்பட்டைகளை விரல் விரலாகச் சுற்றிக்கொள்கிறார்கள். இடது கையை அக்காவே சுற்றிக்கொண்டார். வலது கையை என்னிடம் நீட்டினார். "கட்டு. இறுக்கிக் கட்டு, தண்ணிக்குள்ள அவுந்துரும்." ஐந்து விரலுக்கும் கட்டி முடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. படகு எனக்காகக் காத்திருந்தது.

8 மார்ச்
நோன்பு மாதம். வீட்டுக்காரம்மா இஃப்தாருக்குச் செய்த கடல்பாசியில் ஒரு தட்டு கொடுத்தார். பாலும் சர்க்கரையும் சேர்த்து, துண்டு போட்டது. இதை உறையவைக்கும் அகர் என்ற பொருளை அக்கா எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், பாதியை டப்பாவில் போட்டு அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். வாயில் போட்டு, கண்ணை மூடிக் கரையவிட்டார். "பாறையில கிடந்தப்ப இம்புட்டு ருசி இல்லையே தாயி!" அப்புறம் மீதியைப் பேத்திக்கு எடுத்து வைத்துவிட்டார். அடுத்த வாரம் வீட்டுக்காரம்மாவிடம் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

12 ஏப்ரல்
6-ஆம் தேதி புது ரயில் பாலம் திறந்தார்கள். பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுபோனதால், அக்கா ரயிலேறி இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இன்று இரண்டாம் சனி. ராமநாதபுரத்தில் காது டாக்டரைப் பார்க்க இருவருமாகக் கிளம்பினோம். நான் கேட்காமலேயே ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். பக்கத்தில் 1914-இல் கட்டிய பழைய பாலம் சும்மா நிற்கிறது. தெற்கே குருசடைத் தீவு, பச்சைக் கோடு மாதிரி.

"அந்தா, அங்கனதான் எங்காத்தா எனக்கு முங்கக் கத்துக்குடுத்தா!" என்று கை நீட்டினார். பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்சீட்டுப் பெண் முகத்தைச் சுளித்தாள்.

"எத்தனை ஆழம்க்கா அங்கே?" என்று நானும் கத்தித்தான் கேட்டேன்.