ஒரு பிளக்கும் பல நாடுகளும்

பாரிஸில் வாங்கிய என் மடிக்கணினியின் பிளக்கைத் திருப்பிப் பார்த்தால், இரண்டு உருண்டைப் பின்களுக்கு அருகே ஒரு துளையும், ஓரங்களில் இரண்டு உலோகப் பட்டைகளும் தெரியும். பிரெஞ்சு சாக்கெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் எர்த் பின் அந்தத் துளைக்குள் நுழையும். ஜெர்மனியின் ஷூக்கோ சாக்கெட்டிலோ, ஓரத்துக் கவ்விகள் அந்தப் பட்டைகளைத் தொடும். இரு நாடுகளையும் ஒரே பிளக்கில் சமாதானப்படுத்திய அந்த வடிவமைப்பாளர்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆனால் இதையே டென்மார்க்கின் வழக்கமான சாக்கெட்டில் செருகினால் மின்சாரம் வரும், எர்த் மட்டும் கிடைக்காது. கருவி எப்போதும்போல் ஓடுவதால் குறை வெளியே தெரியாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

பழங்களின் தரத்துக்கே விதி வகுத்த ஐரோப்பிய ஒன்றியம் இதை ஏன் விட்டுவைத்தது என்று தோன்றலாம். மின்கருவிகளின் பாதுகாப்புக்கான அதன் 2014ஆம் ஆண்டின் தாழ்மின்னழுத்த உத்தரவு, வீட்டு உபயோகப் பிளக்குகளையும் சாக்கெட்டுகளையும் பெயர் சொல்லியே விலக்கி வைத்திருப்பதால், அவை அந்தந்த நாட்டின் விதிகளுக்கே கட்டுப்பட்டவை. 1986இல் வெளியான சர்வதேசப் பொது வடிவத்தைத் தென்னாப்பிரிக்கா ஏற்றது, பிரேசில் சிறு மாற்றங்களுடன் ஏற்றது. ஐரோப்பாவோ 1990களில் ஒரு பொது வடிவத்துக்கு முயன்று கைவிட்டது. கோடிக்கணக்கான வீடுகளின் சுவர்களில் பதிந்துவிட்ட சாக்கெட்டுகளை மாற்றும் செலவை எண்ணினால், அந்த முடிவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2.5 ஆம்பியர் வரை தாங்கும் தட்டையான யூரோபிளக் மட்டும் கண்டத்தின் பெரும்பாலான சாக்கெட்டுகளில் பொருந்துகிறது. ஒன்றியத்துக்குள்ளேயே இருந்தாலும் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் ஆகிய மூன்றும் பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் வைத்த பிரிட்டிஷ் வடிவத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகின்றன.