நாஷ்வில்லில் மேடை ஓரத்தில் ஒருவர்

அட்லாண்டாவிலிருந்து, அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரிக்குப் பேர்போன நாஷ்வில்லுக்குக் காரில் நான்கு மணி நேரம். சட்டனூகா தாண்டி மலை ஏறும்போது நேர மண்டலம் மாறி, கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடுகிறது. எட்டு மணிக்குக் கிளம்பினால் பதினொன்றுக்கு ஊருக்குள் இருக்கலாம். வண்டியை ஓட்டியவன் என் அக்கா மகன். கன்ட்ரி இசை என்றாலே முகம் சுளிப்பவன். "லாரி, நாய், விட்டுப்போன மனைவி. இதைத் தவிர இவர்கள் வேறு எதையாவது பாடியிருக்கிறார்களா மாமா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். பாதி உண்மைதான். ஆனால் நான் போனது பாடகரைக் கேட்க அல்ல. மேடை ஓரத்தில் குனிந்து உட்கார்ந்து பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவரைக் கேட்க.

லோயர் பிராட்வே என்ற அந்தத் தெரு ஆற்றங்கரையில் தொடங்கி மேலே ஏறுகிறது. இரு பக்கமும் மதுக்கூடங்கள், மாடிக்கு ஓர் இசைக்குழு, திறந்த ஜன்னல்கள், பட்டப்பகலிலும் எரியும் நியான் விளக்குகள். கல்யாணப் பெண்ணும் தோழிகளும் பீர் வண்டியில் மிதித்துக்கொண்டு கூச்சலிட்டபடி போகிறார்கள். பாதி இடங்களில் ராக் பாட்டுதான் அலறுகிறது. இந்த இரைச்சலில் ஸ்டீல் கிட்டாரை எங்கே தேடுவது என்று திகைப்பவர்கள் 416ஆம் எண் கட்டடத்துக்குப் போகலாம். இன்று அது ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட்; சுவரெல்லாம் கௌபாய் பூட்ஸ், பொரித்த பொலோனா சாண்ட்விச். ஒரு காலத்தில் பெடல் ஸ்டீல் செய்து விற்ற ஷோ-பட் கம்பெனியின் கடை இயங்கிய இடம் அதுதான். உள்ளே நுழைந்தபோது ஐந்து பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய பாஸ், டிரம்ஸ், கிட்டார், தொப்பி வைத்த பாடகர், வலது ஓரத்தில் நரைத்த மீசையோடு ஒரு பெரியவர்.

இந்தக் கருவிக்கு நான்கு கால்கள், பத்துத் தந்திகள். வீணையில் இருப்பதுபோல் மெட்டுகள் கிடையாது, வரைந்த கோடுகள் மட்டும். இடது கையில் உருட்டையான எஃகுத் தண்டு தந்திகளின் மேல் வழுக்கிச் செல்கிறது. வலது கையில் கட்டை விரலுக்கும் மற்ற இரு விரல்களுக்கும் மீட்டுநகம். மெட்டில்லாத வீணை போன்ற நம் கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகியவர்களுக்கு முதல் ஐந்து நிமிடம் சொந்த ஊர் போலவே இருக்கும். அதே குழைவு, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளி தெரியாமல் போகும் அதே நடை. ஆறாவது நிமிடம் ஏதோ உதைக்கும். தண்டு நகரவில்லை, ஆனால் ஸ்வரம் நகர்கிறது. எப்படி என்று பார்க்கக் கீழே குனிய வேண்டும்.

நான் குனிந்தேன். நாகரிகம் பார்த்தால் வேலைக்காகாது.

கருவியின் கீழே மூன்று பெடல்கள். அவருடைய இடது பூட்ஸ் முதல் இரண்டின் மேல் சேர்ந்தாற்போல் கிடந்தது. காலைத் தூக்கவே இல்லை. கணுக்கால் மட்டும் இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது. பூட்ஸின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. வலது கால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தனிப் பெடலில். இரண்டு முழங்கால்களுக்கும் பக்கவாட்டில் நெம்புகோல்கள் வேறு. மேலே பார்த்தால் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கும் மனிதருக்குக் கீழே அத்தனை வேலை.

நாஷ்வில்காரர்கள் பெரும்பாலும் இ9 என்ற சுருதி அமைப்பில் வாசிக்கிறார்கள். 'இ' ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு நம் கர்நாடக சங்கீதக் கணக்கில் பார்த்தேன். முதல் பெடலை மிதித்தால் பஞ்சமத் தந்திகள் இழுபட்டுச் சதுஸ்ருதி தைவதம் ஆகின்றன. இரண்டாவது பெடல் அந்தர காந்தாரத்தைச் சுத்த மத்யமம் ஆக்குகிறது. ஷட்ஜம் இருந்த இடத்திலேயே அசையாமல் நிற்கிறது. சூட்சுமம் இதுதான். வெறும் தண்டு மட்டும் இருந்தால் எல்லாத் தந்திகளும் சேர்ந்தே நகரும். பெடல் வந்த பிறகு ஒன்று ஏற, மற்றொன்று அங்கேயே நின்று முழங்க முடிகிறது. நெஞ்சைப் பிசையும் அந்த அழுகை அங்கிருந்துதான் வருகிறது. அடங்கப்போகும் ஒலியை வலது கால் மெல்லத் தூக்கிக் கொடுப்பதால் மூச்சு முடியாமல் நீள்கிறது.

தந்திமேல் இரும்பை வழுக்கி வாசிக்கும் முறை ஹவாயிலிருந்து வந்தது. ஜோசப் கெகுகு என்ற பள்ளி மாணவர் 1880களின் இறுதியில் கண்டுபிடித்தார் என்கிறார்கள். அது இந்தியாவுக்கும் வந்தது. 1940களில் டௌ மோ என்ற ஹவாய்க் கலைஞர் கல்கத்தாவில் குடும்பத்தோடு வாழ்ந்து வாசித்திருக்கிறார். பழைய இந்திப் பாட்டுகளில் ஹவாயன் கிட்டாரைக் கேட்காத வானொலி நேயர் உண்டா? பெடலைக் காதில் விழவைத்தவர் ஸ்டீல் கலைஞர் பட் ஐசக்ஸ். பாடகர் வெப் பியர்ஸ் 1953இல் பதிவு செய்த 'ஸ்லோலி' பாட்டில், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். மறு ஆண்டு அந்தப் பாட்டு 17 வாரம் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. பெடல் இல்லாதவர்கள் கைக்குக் கிடைத்த கம்பியை வைத்துத் தாங்களே கட்டிப் பார்த்தார்களாம். பஞ்சமம், காந்தாரம் என்று ஐசக்ஸ் ஒரே பெடலில் செய்த இரு மாற்றங்களையும் பிரித்து இரண்டு பெடலுக்குக் கொடுத்தவர் பட்டி எம்மன்ஸ். 1955இல் பதினெட்டு வயதில் நாஷ்வில்லுக்கு வந்தவர். ஷாட் ஜாக்சனோடு சேர்ந்து ஷோ-பட்டைத் தொடங்கியவரும் அவரே. அந்த மீசைக்காரரின் கணுக்கால் சாய்வு எம்மன்ஸ் பிரித்ததால் வந்தது.

மூன்று பாட்டுகள் கழிந்தபின்தான் எனக்கு உறைத்தது: பாடகர் வாய் திறந்திருக்கும்போது பெரியவர் அநேகமாக வாசிப்பதே இல்லை. கண் பாடகரின் உதட்டிலேயே இருக்கிறது. வரி முடிந்து அவர் மூச்சு இழுக்கும் இடைவெளியில் நான்கைந்து ஸ்வரம், அவ்வளவுதான். அடுத்த வரிக்கு முன் ஒதுங்கிவிடுகிறார். திறமையைக் காட்ட அவருக்கு எத்தனையோ வாய்ப்பு இருந்தது. எடுத்துக்கொள்ளவில்லை. பக்கவாத்தியக்காரர்கள் எல்லோரிடமும் இந்த அடக்கம் இருப்பதில்லை, நம்மூரிலும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தனி வாசிப்பு என்று வந்தபோது மட்டும் எட்டு தாள அடிகளில் தண்டைக் கடைசிக் கோடுவரை ஓட்டிக் கூரையைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். இரண்டு மேசை கைதட்டியது.

இடைவேளையில் போய்ப் பேசினேன். கீழே குனிந்து பார்த்தவன் நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "குனிந்து பார்ப்பவர்கள் இரண்டு வகை. வாசிக்கத் தெரிந்தவர்கள், எதையோ கீழே போட்டவர்கள். நீங்கள் எது?" என்றார். கோட்டுவாத்தியத்தைப் பற்றிச் சொன்னதும் என் போனில் அதைப் போட்டுக் காட்டச் சொல்லி, காதோடு ஒட்டவைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். "இவருக்குக் காலில் வேலையே இல்லையா?" என்றார். பொறாமையா பரிதாபமா, தெரியவில்லை.

மறுநாள் கன்ட்ரி இசை அருங்காட்சியகத்துக்குப் போனோம். புகழ்பெற்றோர் வட்ட மண்டபத்தில் பீட் டிரேக்கின் பெயர்ப் பலகை இருக்கிறது. பாப் டிலனின் 'லே லேடி லே'யிலும் ஜார்ஜ் ஹாரிசனின் 1970 தொகுப்பிலும் ஸ்டீல் வாசித்தவர். 1988இல் இறந்தார், மண்டபத்தில் சேர்த்தது 2022இல். மருமகனுக்கு டிலன் பெயர் தெரிந்திருந்ததால் அந்தப் பலகை முன் மட்டும் நின்றான்.

போகிறவர்களுக்கு: மதுக்கூடங்கள் காலை பதினோரு மணிவாக்கில் திறந்துவிடும், மதியம்வரை கூட்டம் குறைவு. ஸ்டீல் வாசிப்பவரின் கால் தெரிகிற பக்கமாக இடம் பிடியுங்கள். பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் இல்லை, கலைஞர்களின் வருமானத்தில் பெரும்பங்கு டிப்ஸ்தான். டிப்ஸ் வாளி உங்கள் மேசைக்கு வரும்போது போனைப் பார்ப்பதுபோல் நடிக்காதீர்கள். சில்லறை டாலர் நோட்டுகளாக எடுத்துப் போவது நல்லது.