தும்பிக்கை ‘லை’

தை மாதம் ரீச்சர் காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தேன். இறங்க வேண்டிய ஸ்டேஷனில் இறங்கவில்லை.

அவருடைய கஞ்சி போட்ட சேலையையும் கறுப்புக் குடையையும் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுத வேண்டியது 1986இல் நடந்த ஒன்று. 12 கலை வகுப்பில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

ரீச்சரின் மேசை லாச்சிக்குள் மொட்டைக் கடிதங்கள் வரத் தொடங்கின. கலியாணம் கட்டாதவருக்குப் பிள்ளைகளைப் பற்றி என்ன தெரியும் என்ற மாதிரி வசனங்கள். ஒரு துண்டு காற்றில் பறந்து என் காலடியில் விழுந்தது. அதில் பழைய ‘லை’ இருந்தது, யானைத் தும்பிக்கை போல முன்னால் வளைந்து.

எனக்கு அப்போது எழுத்தாளராகும் ஆசை. துப்பறியும் கதைகள் எழுதி நிரப்பிய இரண்டு கொப்பிகள் எப்போதும் பையில் இருக்கும். திருத்த வைத்திருந்த கொப்பிக் கட்டில் ஒன்றை உருவினேன். அதே ‘லை’. இடைவேளை மணி அடிக்கமுன், வகுப்பு முழுக்கக் கேட்க, அவள் பெயரைச் சொன்னேன். விடுதிப் பிள்ளை அவள். அழவில்லை. எழுந்து நின்றாள், அவ்வளவுதான். அந்தக் கிழமை முழுதும் யாரும் அவளுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடவில்லை.

எழுதியவர் பிறகு தானாகவே ரீச்சரிடம் போய் ஒப்புக்கொண்டார். யாரென்று ரீச்சர் கடைசிவரை சொல்லவில்லை. அவள் இல்லை என்று மட்டும் வகுப்பில் எல்லோருக்கும் சொன்னார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

“எப்பிடிக் கண்டுபிடிச்சனீர் எண்டு நான் கேக்கேல்லை. ஏன் முதல்ல அந்தப் பிள்ளையின்ர கொப்பியை எடுத்தனீர்?”

அதற்கு முந்திய மாதம் காலைப் பிரார்த்தனையில் வாசிக்கப்பட்டது அவளுடைய கட்டுரை, என்னுடையதல்ல. ரீச்சருக்கு அது தெரிந்திருந்தது. நான் வாய் திறக்கவில்லை. அவர் நூலக அலுமாரியைத் திறந்து தடித்த ஆங்கில நாவல் ஒன்றை எடுத்துத் தந்தார்: டொரதி சேயர்ஸ் 1935இல் எழுதிய ‘கௌடி நைட்’. ஒக்ஸ்போர்டில் பழைய மாணவர் கூடும் விருந்துக்கு ‘கௌடி’ என்று பெயர்.

நாவலின் நாயகி ஹரியட் வேன் துப்பறியும் கதை எழுதுகிறவள். தான் படித்த பெண்கள் கல்லூரியின் கூடலுக்குப் போனவளின் அங்கிக் கைக்குள், பத்திரிகை எழுத்துகளை வெட்டி ஒட்டிய வசைத் துண்டு ஒன்று கிடைக்கிறது. பின்னர் கல்லூரி முழுவதும் அப்படிக் கடிதங்கள். பொலிசுக்குப் போனால் கல்லூரியின் பெயர் கெடும் என்று அவளிடம் வேலையை ஒப்படைக்கிறார்கள். அத்தனை பெரிய புத்தகத்தில் ஒரு கொலைகூட இல்லை. அவள் சந்தேகப்படுவது மணமாகாத விரிவுரையாளர்களை. படிப்போடு மட்டும் வாழ்ந்தால் மனம் பேதலிக்குமோ என்ற பயம் அவளுக்கே இருக்கிறது. கலியாணமா எழுத்தா என்று தவிப்பவள் அவள்தான். அந்தப் பயம் கண்ணை மறைக்கிறது. யார் செய்தது என்று இங்கே சொல்லமாட்டேன், வாசியுங்கள்.

சேயர்ஸ் சமர்வில் கல்லூரியில் 1915இல் படிப்பை முடித்தும் 1920 வரை பட்டத்துக்குக் காத்திருந்தவர். பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஒக்ஸ்போர்டுக்கு அவ்வளவு காலம் எடுத்தது. கதையில் வரும் ஷ்ரூஸ்பரி கல்லூரி கற்பனை. அதைப் பேலியல் கல்லூரியின் கிரிக்கெட் மைதானத்தில் கட்டிவிட்டதற்காக முன்குறிப்பில் மன்னிப்புக் கேட்கிறார். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் நான் கேட்காத மன்னிப்பு நெஞ்சில் வந்து நிற்கும். நாளைக்குக் கேட்போம், சோதனை முடியக் கேட்போம் என்றிருந்தேன். 1987இல் ஒரே இரவில் புறப்பட்டோம். புத்தகம் பையோடு வந்துவிட்டது. அவள் எங்கே என்று சங்கத்தில் யாருக்கும் தெரியாது. எழுத்தாளர் ஆசையும் ஊரிலேயே நின்றுவிட்டது. இங்கே நான் எழுதியதெல்லாம் வேலைத்தல அறிக்கைகள்.

ரீச்சரின் செய்தி வந்த இரவு அந்தப் புத்தகத்தை எடுத்தேன். பின்னட்டையில் ஒட்டிய தாளில் திகதியும் பெயரும் வகுப்பும் நம் கையாலேயே எழுதுவோமே, அதை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். கடைசியில் என் பெயர். அதற்கு மேலே, சரியாக ஒரு மாதத்துக்கு முந்திய திகதியில், அவள் பெயர். பக்கத்தில் ‘12 கலை’, தும்பிக்கை வளைந்த ‘லை’யோடு. ரீச்சரும் தினமும் காலையில் கரும்பலகையின் மேல் மூலையில் அப்படித்தான் எழுதுவார்.