பொடிக்கு டிரேட்மார்க் வாங்கிய கதை

ஒருவழியாக சர்டிஃபிகேட் வந்துவிட்டது. எங்கள் இட்லிப் பொடி, சாம்பார் பொடி பாக்கெட்டில் இருக்கும் பெயருக்கு, மசாலாப் பொடிகள் அடங்கும் பொருள் வகையான கிளாஸ் 30-இல். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இப்போது விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்காவது உதவட்டும்.

டிரேட்மார்க் பதிவுகளைப் பார்க்கும் அரசுத் தளமான ஐபி இந்தியாவில் பெயரைத் தேடிப் பார்த்ததில் சிக்கல் எதுவும் இல்லை, இலவசம்தான். டிஜிட்டல் கையெழுத்து இல்லாததால் ஊரிலேயே ஒரு கன்சல்டன்டிடம் வேலையை ஒப்படைத்தோம். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அரசுக் கட்டணம் 9,000 ரூபாய் என்று வாங்கிக்கொண்டார். தனிநபர் பெயரில் ஆன்லைனில் போட்டால் ஒரு கிளாஸுக்கு 4,500தான். ஸ்டார்ட்அப்புக்கும், உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றிதழ் உள்ள சிறு நிறுவனத்துக்கும் அதே 4,500. ரசீது கேட்டபோதெல்லாம் "அனுப்பறேன் சார்" என்பார். வந்ததே இல்லை.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரி என்று அவருடையதைப் போட்டு வைத்திருந்தார். விண்ணப்பத்தைப் பரிசீலித்து டிரேட்மார்க் அலுவலகம் அனுப்பும் எக்ஸாமினேஷன் ரிப்போர்ட் அவருக்குப் போய் அப்படியே கிடந்திருக்கிறது. அது கிடைத்து 30 நாளுக்குள் பதில் போகாவிட்டால் விண்ணப்பமே கைவிடப்பட்டதாகிவிடலாம். ஒரு நாள் சும்மா அப்ளிகேஷன் நம்பரைத் தட்டிப் பார்த்தேன். 'அப்ஜெக்டட்', அதாவது ஆட்சேபணை என்று இருந்தது. கெடு முடிய ஒரு வாரம்கூட இல்லை. போன் போட்டால், "அது எல்லாருக்கும் வர்றதுதான் சார், சும்மா ஃபார்மாலிட்டி" என்கிறார்!

அன்றே சென்னையில் ஒரு வக்கீலைப் பிடித்து, அதிகாரப் படிவம் கொடுத்து ஃபைலை மாற்றினோம். அவர் சொல்லித்தான் தெரிந்தது: டிரேட்மார்க் அலுவலகத்தில் நமக்காக வெளியாள் ஆஜராக, வக்கீலாகவோ பதிவுபெற்ற டிரேட்மார்க் ஏஜெண்டாகவோ இருக்க வேண்டும். நம்மவர் இரண்டும் இல்லை. ஆளை அமர்த்தும்முன் ஏஜெண்ட் கோடு கேளுங்கள். யாரை அமர்த்தினாலும் உங்கள் மின்னஞ்சலும் ஃபைலில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ரிப்போர்ட்டில் இரண்டு குறைகள். 2013 முதல் இந்தப் பெயரில் விற்கிறோம் என்று விண்ணப்பத்தில் இருந்தது. ஆனால் அதற்கான அஃபிடவிட்டோ ஆதாரமோ இணைக்கவில்லை. ஆதாரம்தானே என்று பழைய பில் புத்தகங்களை எல்லாம் பரணிலிருந்து இறக்கினோம். எல்லாவற்றிலும் கடைப் பெயர்தான் இருக்கிறது. 'சா.பொடி 200 கிராம்' என்று எழுதிய பில்லை வைத்துக்கொண்டு எந்தப் பெயரை நிரூபிப்பது? வக்கீல் கையை விரித்துவிட்டார்.

காப்பாற்றியது சிவகாசி. லேபிள் அடித்த அச்சகத்தில் பழைய பில் நகலைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அதில் பொடியின் பெயர் முழுதாக, தேதியோடு, வாட் வரிக் காலத்து டின் என்ற வரிப் பதிவு நம்பரோடு இருந்தது. ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலையில். டின் நம்பர் போட்ட பில் என்றால் அதற்கு முந்தையது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். அந்தத் தாளைப் பார்த்தபோது அப்பாவுக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே! தொழில் செய்கிறவர்கள் இன்றிலிருந்தே பில்லில் பிராண்ட் பெயரை அச்சடியுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது டிரேட்மார்க் சட்டத்தின் பிரிவு 11: ஒலியில் எங்கள் பெயரை ஒத்த இரண்டு பெயர்களை எடுத்துக்காட்டியிருந்தார்கள். பயந்துவிடாமல் அந்த நம்பர்களையும் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஒன்று புதுப்பிக்காமல் நீக்கப்பட்டிருந்தது. இன்னொன்று நாங்கள் விற்கத் தொடங்கியதற்குப் பின்னால்தான், 'இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம்' என்று விண்ணப்பித்தது. வீடியோ ஹியரிங்கில் வக்கீல் சிவகாசி பில்லைக் காட்டினார். காத்திருந்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, ஹியரிங் முடிந்துவிட்டது.

பெயர் டிரேட்மார்க் அலுவலகத்தின் ஜர்னலில் வெளியானதும் நான்கு மாதம் எதிர்ப்புக்கான அவகாசம். யாரும் எதிர்க்கவில்லை. இதற்கிடையில் சித்தப்பா, "பொடிக்குப் பேடண்ட் வாங்கிட்டியாப்பா?" என்று விசேஷத்துக்கு விசேஷம் கேட்டுக்கொண்டிருந்தார். வறுத்து அரைத்த கலவைக்கு நம் சட்டத்தில் பேடண்ட் கிடைக்காது. அம்மாவின் அளவுகள் அம்மாவிடமே இருக்கின்றன. அதைக் காக்க இங்கே தனிச் சட்டமும் கிடையாது, வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் வழி.

இரண்டு எச்சரிக்கைகள். சர்டிஃபிகேட் வரும்வரை பாக்கெட்டில் டிஎம் என்று மட்டும் போடுங்கள். பதிவானது என்று காட்டும், வட்டத்துக்குள் ஆர் குறியை அதற்குமுன் போட்டால் பிரிவு 107-இன்படி அபராதம். எங்கள் டிசைனர் அழகுக்காகச் சேர்த்திருந்தார். அச்சுக்குப் போகுமுன் பிடித்தோம். அப்புறம், ஜர்னலில் பெயர் வந்ததும் அரசு முத்திரை மாதிரி ஒன்றைப் போட்டு, "ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம் செலுத்தவும்" என்று மெயில் வரும், போனும் வரும். சர்டிஃபிகேட்டுக்குத் தனிக் கட்டணமே கிடையாது. அடுத்த செலவு, விண்ணப்பத் தேதியிலிருந்து 10 வருடம் முடியும்போது வரும் புதுப்பிப்புதான், ஆன்லைனில் 9,000. அதில் தனிநபர் சலுகை இல்லை.