பழைய கயாக் ஒன்றைச் சோதித்து வாங்கிய அனுபவம்

ரொம்ப நாள் தேடி, பத்தடி நீளமுள்ள பழைய கயாக் (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய சிறு படகு) ஒன்றை வாங்கிவிட்டேன். உள்ளே கால் நீட்டி உட்காரும் வகை. அகலம் சுமார் 76 செ.மீ., எடை 20 கிலோவுக்குச் சற்று மேல். பாலிஎத்திலீனை அச்சில் சுழற்றி வார்த்த உடம்பு. புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர்களுக்கென்று வரும் மலிவான கயாக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

அடிப்பகுதி முழுக்கக் கீறல். அதைப் பார்த்து நான் தயங்கவில்லை. நகம் மாட்டாத கீறலால் ஒரு கெடுதலும் இல்லை. நேரம் எடுத்துப் பார்த்தது பின்முனையைத்தான். தனியாகக் கரையேற்றுபவர்கள் முன்கைப்பிடியைத் தூக்கித் தரதரவென்று இழுப்பார்கள். பாரம் முழுக்கப் பின்முனையின் அடியில் விழும், அந்த இடம் தேயும். இருட்டிய பிறகு டார்ச்சை உள்ளே வைத்துவிட்டு வெளியிலிருந்து பார்த்தேன். மஞ்சள் பிளாஸ்டிக்கில் எங்கும் ஒரே மாதிரி மங்கிய வெளிச்சம். பின்முனையில் மட்டும் உள்ளங்கை அளவுக்குப் பளிச்சென்று தெரிந்தது. மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்கி உடனே நிமிர்ந்தது, வெடிப்பு இல்லை. சரி, இதை வைத்தே விலையைக் குறைத்துக் கேட்கலாம் என்று முடிவு செய்தேன். குறைத்தும் கொடுத்தார்கள்.

வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கியிருக்கும். இருக்கைப் பட்டையை நகர்த்தினால் அடியில் பழைய நிறம் தெரியும்; வெளியே எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். தேய்த்தால் விரலில் பொடி ஒட்டுவதும், இருக்கையைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் ஓடுவதும் இருந்தால் வேண்டவே வேண்டாம். இதில் வெளுப்பு மட்டும்தான். அடியில் ஒரு குழிவு இருந்தது, கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்ததில் வந்தது. வெயிலில் கவிழ்த்து வைத்து உள்ளிருந்து தள்ளியதும் பெரும்பாலும் நிமிர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் உள்ளே சில வாளி தண்ணீர் ஊற்றி, வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தேன். நிறைய ஊற்றக்கூடாது, பாரம் தாங்காமல் உடம்பு வளையும். அடியில் கசிவில்லை. கால் ஊன்றும் மிதி முன்பின் நகரும் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டு ஒன்றிலிருந்து சொட்டியது. அதைக் கழற்றி ரப்பர் வாஷர் போட்டு முடுக்கியதும் நின்றுவிட்டது.

அப்புறம் தண்ணீரில். ஏறி உட்கார்ந்ததும் ஆட்டமில்லை, அகலம் கைகொடுக்கிறது. நேராகப் போவதுதான் பாடு: துடுப்பை ஒவ்வொரு முறை வலிக்கும்போதும் கயாக்கின் மூக்கு ஒரு பக்கம் திரும்பியது. கால்மிதியை முழங்கால் லேசாக மடங்கும்படி வைத்து, துடுப்பைக் கயாக்கின் உடம்பை ஒட்டிச் செங்குத்தாக இறக்கி, கையால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பி வலித்ததும் அலைச்சல் பாதியாகக் குறைந்தது. வேகம் எதிர்பார்க்கக்கூடாது, குட்டையும் அகலமுமான கயாக் எவ்வளவு வலித்தாலும் ஓர் அளவுக்கு மேல் ஓடாது.

நான் மிக முக்கியமாக நினைக்கும் சோதனை இதற்குப் பிறகுதான். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில், நண்பர் பக்கத்தில் நிற்க, வேண்டுமென்றே கவிழ்த்தேன். உள்ளே தண்ணீர் பரவாமல் நிறுத்தும் குறுக்குச் சுவர், அதாவது தடுப்பு, கிடையவே கிடையாது என்பதால் முன்முனையிலிருந்து பின்முனை வரை தண்ணீர் ஏறியது. பாலிஎத்திலீன் தண்ணீரைவிடச் சற்று லேசு, அதனால் கயாக் மூழ்கவில்லை. விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளே ஏறிய தண்ணீர் ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ. இரண்டு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. கரைக்குத் தள்ளிவந்து ஒருக்களித்துத்தான் கொட்டினோம். ஆழத்தில், தனியாக, கரையிலிருந்து வெளியே தள்ளும் காற்றில் இது நடந்தால் மறுபடி ஏற வழியே இல்லை. விற்பவர் யாரும் இதைச் சொல்ல மாட்டார்; வாங்குபவர்தான் உள்ளே குனிந்து தடுப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கால்மிதிக்கு முன்னால் ஒன்றும் இருக்கைக்குப் பின்னால் ஒன்றுமாகக் காற்றுப்பைகளைத் திணித்து, வெளியே நழுவாதபடி குறுக்கே கயிறு கட்டினேன். மறுபடி கவிழ்த்தபோது உட்காரும் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. முன்முனையை நண்பர் தூக்க, நான் புரட்ட, அங்கேயே பெரும்பகுதி வடிந்துவிட்டது. பைகளுக்குச் செலவழித்ததையும் சேர்த்துத்தான் இந்தக் கயாக்கின் விலையைச் சொல்வேன். மூடிய உடம்பின் மேலே உட்காரும் வகையில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் வடிகால் துளைகளின் ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, தூக்கி ஆட்டி உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று கவனித்தால் போதும்.

அடுத்து முதுகுத்தாங்கியின் நைந்த பட்டையை மாற்ற வேண்டும். பின்முனையை இப்போதைக்குத் தொடப்போவதில்லை. பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை நிற்காது. வெடித்தால் அதே பிளாஸ்டிக் குச்சியை உருக்கி வெல்டிங் செய்வதுதான் வழி. அதுவரை இழுக்காமல் இரண்டு பேராகத் தூக்குகிறோம். துணைக்கு ஆள் வராத நாளுக்குச் சின்னச் சக்கர வண்டி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன்.