கடைமடைக்கு முதல் தண்ணீர்

எங்கள் தோட்டம் முத்தூருக்கு அந்தப் பக்கம், கீழ்பவானி வாய்க்காலின் கடைமடையில் இருக்கிறது. பவானிசாகரில் திறந்துவிட்ட தண்ணீர் சுமார் 200 கிலோமீட்டர் வந்து, வழியில் இருக்கிற அத்தனை பேரும் எடுத்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று மாறி மாறி முறை வைத்திருக்கிறார்கள். காகிதத்தில் முறை சரியாகத்தான் இருக்கும். எங்கள் அய்யன் இருந்தவரை ராத்திரி லாந்தரைத் தூக்கிக்கொண்டு மதகுக்கும் வயலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். தலைமடைக்காரன் வயலில் வழிந்த தண்ணீர் ரோட்டில் ஓடும். எங்கள் வரப்பில் தவளைகூட நனையாது.

அந்த வயிற்றெரிச்சல் இருப்பவனுக்குத்தான் நான் 2024 ஏப்ரலில் டெட்ராய்ட்டில் பார்த்த சங்கதி ருசிக்கும்.

மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைக்கு அங்கே கார் கம்பெனியில் வேலை. பேரனுக்கு 11 வயசு, அமெரிக்கன் ஃபுட்பால் பைத்தியம். அந்த ஆட்டத்தின் பெரிய லீக் என்.எஃப்.எல்.; அதன் அணிகள் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சிக்கு டிராஃப்ட் என்று பேர். அந்த வருசம் டிராஃப்ட் அவர்கள் ஊரிலேயே. "அப்பிச்சி, வியாழக்கெழம ராத்திரி எங்கியும் போயிடாதீங்க" என்றான். கார் ஓட்டத் தெரியாதவன் அந்த ஊரில் எங்கே போவது! (அம்முணி அவனை 'ங்க' போட்டுப் பேசத்தான் வளர்த்திருக்கிறாள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.)

நான் 31 வருசம் பி.டி. வாத்தியார். அதனால் ஐ.பி.எல். மாதிரி ஏலம்தானே என்று மிதப்பாகக் கேட்டேன். "ஏலமில்லீங் அப்பிச்சி, வரிசை" என்றான்.

வரிசை என்றால் இப்படி. மொத்தம் 32 அணிகள். போன சீசனில் படுமோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. கல்லூரியிலிருந்து வருகிற பையன்களில் யாரை வேண்டுமானாலும் அது எடுத்துக்கொள்ளலாம். சூப்பர் பவுல், அதாவது சீசனின் இறுதி ஆட்டம், ஜெயித்த அணி கடைசி, 32ஆவது. இப்படி ஏழு சுற்று. விலை ஏற்றிக் கேட்கிற பேச்சே கிடையாது. பள்ளிக்கூடம் முடித்து மூன்று வருசம் ஆகாத பையன் பட்டியலுக்குள் வர முடியாது. அந்த வருசங்களில் அவனுக்குச் சோறு போட்டு, பயிற்சி கொடுத்து, உடம்பைத் தேற்றுவதெல்லாம் கல்லூரி. நாற்றங்கால் ஒருத்தன் செலவு, அறுவடை இன்னொருத்தனுக்கு.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த வரிசைதான். கடைமடைக்கு முதல் தண்ணீர்! இதற்குத் தலைமடைக்காரன் எப்படி ஒத்துக்கொண்டான் என்று இரண்டு நாள் மாப்பிள்ளையைக் குடைந்தேன். இந்த யோசனையைக் கொண்டுவந்தவர் பெர்ட் பெல். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் முதலாளி. 1935 சீசனில் அவர் அணி 2 ஜெயித்து 9 தோற்றது. ஆக, விதி எழுதியவரே கடைமடைக்காரர்தான், அப்படிச் சொல்லுங்கள். நல்ல பையன்களெல்லாம் பணக்கார அணிகளுக்கே போய்க்கொண்டிருந்தால் ஆட்டமே செத்துவிடும் என்று மற்ற முதலாளிகளிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரியில், ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில், பலகையில் 90 பெயர்களை எழுதிப்போட்டு நடந்தது. முதல் ஆளாக பெல் எடுத்தது சிகாகோ பல்கலைக்கழகத்து ஜே பெர்வாங்கரை. அந்தப் பையனோ ஒருநாள்கூடத் தொழில்முறையில் ஆடவில்லை. சம்பளம் கட்டுப்படியாகவில்லை, நுரை ரப்பர் விற்கிற வேலைக்குப் போய்விட்டார். முதல் முறை தண்ணீரே காய்ந்த வாய்க்காலில் போனது போல.

வியாழக்கிழமை ராத்திரி டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். போன சீசனில் ஆகக் கடைசி கரோலைனா பாந்தர்ஸ். 2 ஜெயித்து 15 தோற்றது. அப்படியென்றால் முதலில் எடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே? மேடையில் கூப்பிட்டதோ சிகாகோ பேர்ஸை. என்னடா இது, இங்கேயும் மதகை மாற்றித் திறக்கிறார்களா என்று கேட்டேன். பேரன் சொன்னான்: தன் வாய்ப்பை ஒரு அணி விற்கலாம். 2023-ல் முதல் வாய்ப்பு சிகாகோவிடம் இருந்தது. கரோலைனா அதை வாங்கிக்கொண்டு, ஒரு நல்ல ஆட்டக்காரரையும், அந்த வருசத்து இரண்டு வாய்ப்புகளையும், 2025-ன் இரண்டாம் சுற்றையும், கூடவே 2024-ன் முதல் சுற்று வாய்ப்பையும் கொடுத்துவிட்டது. அடுத்த வருசமும் தோற்றுப்போவோம், அதுவும் எல்லோருக்கும் கீழே போவோம் என்று அவர்கள் நினைக்கவில்லை. வாங்கிய அந்த முதல் வாய்ப்பில் எடுத்த பையன் பிரைஸ் யங். தோற்றார்கள். முதல் வாய்ப்பு சிகாகோவுக்குப் போனது. கேலப் வில்லியம்ஸை எடுத்துக்கொண்டார்கள்.

வருகிற போகத்துத் தண்ணீர் முறையை முன்கூட்டியே விற்ற கடைமடைக்காரன்! எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்றைக்கு முதல் 12 பேரில் ஆறு பேர் குவார்ட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கி யாருக்கு எறிவது என்று முடிவெடுக்கிறவன்தான் குவார்ட்டர்பேக். அவன் சரியில்லை என்றால் மற்றவர்கள் எத்தனை பெரிய பயில்வான்களாக இருந்தும் பிரயோசனமில்லை. அந்த ஒரு இடத்துக்குத்தான் எல்லா அணியும் கிறுக்குப் பிடித்து அலைகிறது.

என் தொழிலுக்குக் கிட்டத்தில் வருகிற விசயம் இனிமேல்தான். ஒவ்வொரு பிப்ரவரிக் கடைசியிலும் இண்டியானாபொலிஸில் 300-க்கும் மேற்பட்ட பையன்களை வரவழைத்துச் சோதிக்கிறார்கள். 40 கஜம் ஓட விட்டு நேரம் எடுக்கிறார்கள். 225 பவுண்டை, அதாவது 102 கிலோவை, மல்லாந்து படுத்து எத்தனை தரம் தூக்குகிறான் என்று எண்ணுகிறார்கள். நின்ற இடத்திலிருந்து எம்ப விடுகிறார்கள். டாக்டர்கள் மூட்டு மூட்டாகத் தட்டிப் பார்க்கிறார்கள். கையை விரித்துக் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை அளக்கிறார்கள். நம் சாண்தான்! கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடக்க விட்டுப் பார்ப்பார்களே, அந்த ஞாபகம் வந்தது. சந்தையிலாவது துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுவார்கள். இங்கே அதுவும் இல்லை. எத்தனையாவதாக எடுக்கிறார்களோ அதற்கேற்ற சம்பளம் என்று 2011 முதல் ஏறக்குறைய வரையறுத்து வைத்துவிட்டார்கள்.

இத்தனை அளந்தும், டாம் பிரேடி என்கிற குவார்ட்டர்பேக்கை 2000-ல் 199ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவர் 40 கஜம் ஓட எடுத்துக்கொண்ட நேரம் 5.28 விநாடி. நானாக இருந்தால் "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு சாமி" என்று அனுப்பியிருப்பேன். அவர் ஏழு சூப்பர் பவுல் ஜெயித்தார்.

அனுப்பியும் இருக்கிறேன். 1998-ல் கபடி டீமுக்கு ஆள் எடுக்கும்போது தறி ஓட்டுகிறவர் மகன் ஒருத்தன் வந்தான். குச்சி மாதிரி கால். நெஞ்சளவு பார்த்தேன், தேறவில்லை. அடுத்த வருசம் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய், மண்டலப் போட்டியில் எங்களுக்கு எதிராகவே பாடி வந்தான். எங்கள் கார்னர் பையன் கையை நீட்டினது மட்டும்தான் மிச்சம், மூன்று தரமும் தொட்டுவிட்டுப் போய்விட்டான். ஆட்டம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்து "வணக்கமுங் சார்" என்றான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பையனுக்கு இதில் வாய் கிடையாது என்பதுதான் எனக்குப் பிடிக்காத இடம். எடுத்த அணியோடு மட்டும்தான் ஒப்பந்தம் பேசலாம். மாட்டேன் என்றால் ஒரு வருசம் வீட்டில் உட்கார்ந்து அடுத்த டிராஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும். 2004-ல் எலை மேனிங் சான் டியேகோவுக்கு ஆடமாட்டேன் என்று முன்கூட்டியே சொன்னார். அப்படியும் அவரைத்தான் முதலில் எடுத்தார்கள். அன்றைக்கே நியூயார்க்குக்கு மாற்றியும் விட்டார்கள். அவருக்கு அப்பாவும் அண்ணனும் பேர் பெற்ற ஆட்டக்காரர்கள், செல்லுபடியாகியது. தறிக்காரர் மகன் சொன்னால் யார் கேட்பார்கள்?

சனிக்கிழமை நகரத்துக்குள் கூட்டிப்போனார்கள். மூன்று நாளில் ஏழே முக்கால் லட்சம் பேர் வந்தார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். ஒரு பந்துகூட எறியாத ஆட்டத்துக்கு! கடைசியாக 257ஆவது பெயர் வாசிக்கும்வரை நிற்க வேண்டும் என்று பேரன் அடம். கடைசி ஆளுக்கு 'மிஸ்டர் இர்ரெலவன்ட்' என்று கேலிப் பட்டமாம், ஒன்றுக்கும் ஆகாதவன் என்கிற மாதிரி. 2022-ல் அப்படிக் கடைசியாக வந்த பிராக் பர்டி இரண்டே வருசத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவை சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார் என்று மூச்சுவிடாமல் சொன்னான். முட்டி வலித்தாலும் நின்றேன்.

ஊருக்கு வந்ததும் டீக்கடையில் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் முழுக்கதையும் சொன்னேன். தோற்றவனுக்கு முதல் முறை என்றதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் கரோலைனா கதையைச் சொன்னேன்.

"வர்ற வருசத்துத் தண்ணி மொறைய வித்துட்டானா? ஏனுங் வாத்தியாரே, அவனூட்டுக்கு யாராச்சும் பொண்ணு குடுப்பாங்களா?"