ஜிம்மிக்கு ஒரு விறாந்தை

மே 3, 2025, சனி

நேற்று இரவு பத்தரைக்கு அம்மாவும் அவான்ர நாய் ஜிம்மியும் கொழும்பில எங்கட மாடி வீட்டுக்கு வந்து சேந்திட்டினம். யாழ்ப்பாணத்தில இருந்து வான் பிடிச்சு, வவுனியாவில ஒருக்கா, புத்தளத்தில ஒருக்கா நிப்பாட்டி அவனுக்குத் தண்ணி வச்சு, கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். அப்பா மோசம் போய் எட்டு மாசம். அம்மாவைத் தனிய விடேலாது எண்டு நாங்கள் எவ்வளவு கேட்டும் வரமாட்டன் எண்டு நிண்டவா, ஜிம்மியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு இவர் சொன்னாப் பிறகுதான் சரி எண்டவா.

லிப்டில நடுங்கிக்கொண்டு வந்தான். கதவைத் திறந்து "வா ராசா" எண்டு கூப்பிட்டன், நிலைக்கு வெளியால நிண்டு முகத்தைப் பாத்தான், உள்ளுக்கு வரேல்ல. பிறகு கொரிடோரில எங்கட கால்மிதிக்குப் பக்கத்தில சுருண்டு படுத்திட்டான். பதினொரு வருசமா வீட்டுக்குள்ள கால் வைக்காத நாய், விறாந்தை வரைக்கும்தான் அவன்ர எல்லை, அதை அவனுக்குப் பழக்கினதே அம்மாதான். இப்ப திடீரெண்டு உள்ள வா எண்டால் அவனுக்கு எப்பிடி விளங்கும்?

ரெண்டு கிழமைக்கு முதலே நான் அவனுக்கு ஒரு மெத்தை வாங்கி வச்சிருந்தனான், வட்டமா, பஞ்சு மாதிரி மயிர் வச்சது, ஹோலில சோபாக்குப் பக்கத்தில சாம்பல் நிறத்தில நல்ல வடிவா இருந்தது. எங்கட பூனை மிளகுதான் இப்ப அதில படுத்திருக்கிறா.

மே 5, திங்கள்

சொசேஜ் துண்டு காட்டிக் காட்டி உள்ளுக்குக் கொண்டுவந்தம். நாலு அடி வைச்சான், பின்னங்கால் ரெண்டும் விலகி அப்பிடியே இருந்திட்டான். எங்கட நிலம் முழுக்க மினுங்குற போர்சலின் டைல்ஸ், அங்க வீட்டில சிவப்புச் சீமெந்து. இடுப்பு ஏற்கனவே இறுகிப்போன கிழவனுக்கு இது ஐஸில நடக்கிற மாதிரி. மனசு சரியாக் கஷ்டப்பட்டுது எனக்கு, ஏனெண்டால் இந்த வீட்டுக்கு வரேக்க அந்த மினுக்கத்தைப் பாத்துத்தான் நான் ஆசைப்பட்டனான்.

மிருக வைத்தியரிட்டக் காட்டினம். நகம் வெட்டி, பாதத்துக்கு அடியில விரலுக்கிடையில வளந்த மயிரையும் வெட்டி விட்டார், அதுவே கொஞ்சம் பிடிப்புத் தரும் எண்டார். அவர் சொன்ன இன்னொரு விசயம் அந்த மெத்தையைப் பற்றி. நாய்க்கு எங்களை மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, இளைச்சுத்தான் சூட்டை வெளியில விடும், கொழும்பு மாதிரி ஈரக்காத்து இருக்கிற இடத்தில இளைப்பாலயும் சூடு லேசில போகாது, அதாலதான் வயித்தைக் குளிர் நிலத்தில அமத்திப் படுக்கும். அந்த மயிர் மெத்தை குளிர் நாட்டு நாய்க்குச் சரி. ஆனா வெறும் நிலத்திலயே எப்பவும் கிடந்தால் முழங்கை தோல் தடிச்சுப் புண் வரும், அவனுக்கு இடது பக்கம் இப்பவே தடிச்சுப்போய்க் கிடக்கு. குளிராவும் இருக்கவேணும், மெதுவாவும் இருக்கவேணும். வீட்டை வந்து அம்மாட்டைச் சொன்னன், சோத்துக்கு அரிசி களைஞ்சுகொண்டு திரும்பியும் பாக்காமல் "அப்ப சாக்குக்கட்டில்தான்" எண்டா.

சாக்குக்கட்டில்! மரச் சட்டத்தில துணி கட்டின கட்டில், எங்கட அப்பப்பா வெயில் காலத்தில மாமரத்துக்குக் கீழ விரிச்சுப் படுக்கிறது. கீழால காத்துப் போகும், துணி உடம்புக்கு ஏத்த மாதிரித் தொய்யும், முழங்கை எதிலயும் முட்டாது. இணையத்தில உயர்த்தின நாய்க் கட்டில் எண்டு விக்கிறதும் இதேதான்.

மே 8, வியாழன்

பல்கனியை அவன்ர விறாந்தையாக்கிறது எண்டு முடிவு. எட்டடிக்கு நாலடி, மரைன் டிரைவ் பக்கம் பாத்த மாதிரி, ரயில் றோட்டும் கடலும் தெரியும். கட்டிலை அங்க வைக்கலாம், ரெண்டு செடி, ஒரு மூங்கில் தட்டி, எவ்வளவு வடிவா இருக்கும்.

முதல்ல வலை. மிளகு கம்பிக்கு மேல ஏறி நடக்கிறவா, நாங்கள் மூண்டாம் மாடி. பூனை விழுந்தாலும் காலில நிக்கும் எண்டு எல்லாரும் சொல்லுவினம், ஆனா 1987ல நியூயோர்க்கில இப்பிடி மாடியில இருந்து விழுந்த 132 பூனையளைப் பற்றி மிருக வைத்தியர்மார் எழுதின கட்டுரை ஒண்டு இருக்கு, அதில முக்காவாசிக்கு மேல தப்பினதுதான், ஆனா நெஞ்சில அடி, தாடை உடைவு, கால் முறிவு எண்டு பட்ட பாடு கொஞ்சமில்லை. போன வருசம் கட்டின சாதாரணக் கம்பி வலை ஆறே மாசத்தில துருப்பிடிச்சுக் கொட்டிப் போச்சு, வெள்ளவத்தை உப்புக்காத்துக்கு இரும்பு நிக்காது. கடற்கரை வீட்டுக்கு ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலிலயும் 316 எண்ட தரம்தான் கேக்கவேணும், 304 கொஞ்ச நாளில கறுத்துப் புள்ளி விழும். விலை கூடத்தான், ஆனா ஒருக்காக் கட்டினால் போதும்.

செடியள் பாத்ததில மனி பிளான்ற் வெளியால போட்டுது. இலையைக் கடிச்சால் நாய்க்கும் பூனைக்கும் வாய் வீங்கும். பூச்சாடியில லில்லி வைக்கிற பழக்கத்தையும் விட்டிட்டன், அது பூனையின்ர சிறுநீரகத்தையே அழிச்சிடும், பூந்தாது மேல ஒட்டி நக்கினாலே காணும். அரிக்கா பாம் ரெண்டு வாங்கினன், அது ஒண்டும் செய்யாது.

மே 12, திங்கள், வெசாக்

கீழ ரோட்டு முழுக்கச் சனம், எதிர் மாடியில வெசாக் விளக்குக் கூடு கட்டிப் பல்ப் போட்டிருக்கினம், காத்துக்குச் சுத்துற நேரம் எங்கட சுவரெல்லாம் நிறம் நிறமா ஓடுது. பல்கனியில தற்காலிகமாப் பாய் விரிச்சு ஜிம்மியைக் கொண்டுபோய் விட்டன். ஒரு நிமிசம். எழும்பி, நான் டைல்ஸுக்கு மேல போட்ட தும்புப் பாய் வழியா மெதுமெதுவா நடந்து, முன் கதவடிக்குப் போய், கதவின்ர கீழ் இடுக்கில மூக்கை வச்சுப் படுத்திட்டான். ஏழு தரம் கொண்டுபோனன். ஏழு தரமும் அதே இடம்.

எட்டாம் தரம் தூக்கேல்ல. நானும் அவனுக்குப் பக்கத்தில நிலத்தில படுத்துப் பாத்தன்.

கதவுக்குக் கீழால காத்து வருது! கடற்காத்து பல்கனியால வந்து ஹோலைக் கடந்து கதவிடுக்கால கொரிடோருக்குப் போகுது, வீட்டில ஆகக் குளிர்ந்த நிலம் அதுதான். அதோட லிப்ட் வாற சத்தம், பக்கத்து வீட்டு அன்ரியின்ர சாவிச் சத்தம், ஆக்கள் நடக்கிற சத்தம் எல்லாம் அங்கதான் கேக்கும். படலையைப் பாத்துக்கொண்டு பதினொரு வருசம் படுத்திருந்தவனுக்குக் கடலை ஏன் காட்டினனான்? கடலால ஆர் வரப்போகினம்? விறாந்தை எண்டால் வடிவான காட்சி எண்டு நான் நினைச்சிட்டன், அவனுக்கு விறாந்தை எண்டால் ஆக்கள் வாற போற இடம்.

அம்மாவும் வந்த நாளில இருந்து பல்கனிக்கு ஒரு நாளும் போகேல்ல எண்டது இதை எழுதேக்கதான் ஞாபகம் வருது. பின்னேரத்தில டைனிங் மேசைக் கதிரையைத் திருப்பி வாசலைப் பாத்த மாதிரித்தான் இருக்கிறா.

மே 17, சனி

வாசலடியை அளந்தன். ஏழடிக்கு நாலரை அடி. இவ்வளவு நாளும் சப்பாத்து ராக்கை, குடை, பழைய பேப்பர், காஸ் சிலிண்டர் எல்லாம் குவிச்சு வச்சிருந்த இடம்.

பம்பலப்பிட்டியில வேலை பாக்கேக்க ஒருக்கா, பகத்தலே வீதி 33ஆம் ஒழுங்கையில இருக்கிற கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின்ர வீட்டைச் சுத்திப் பாத்தனான். ஒரு வரிசையில இருந்த நாலு சின்ன வீட்டை ஒண்டொண்டா வாங்கி ஒண்டாக்கினது. வாசலால போனால் நீட்டு வெள்ளை நடை, அங்கங்க மேலால வெளிச்சம் இறங்கும், கண் தானாத் தூரத்துக்குப் போகும். அண்டைக்கு அதை ரசிச்சதோட சரி. இப்ப எங்கட வாசலில நிண்டு பாத்தன், ராக்கையை எடுத்தால் இங்க இருந்து நேர பல்கனி, அங்கால வானம். காத்துக்கும் அதே பாதைதான். வாடகை வீடு, சுவர் இடிக்கேலாது, தேவையுமில்லை.

மொறட்டுவையில இருந்து ஒரு தச்சு பாஸ் வந்தார். என்ர அரைகுறைச் சிங்களத்தில சாக்குக்கட்டிலை விளங்கப்படுத்தினன், பேப்பரில கீறிக் காட்டினன், பாத்தவுடன சிரிச்சிட்டு எங்கட சீயாவும், தாத்தாவைத்தான் சொல்லுறார், வச்சிருந்தவர் மிஸ் எண்டார். பலா மரச் சட்டம், 36 அங்குலம் 24 அங்குலம், உயரம் 5 அங்குலம்தான், இடுப்பு இறுகின நாய்க்கு அதுக்கு மேல ஏறக் கஷ்டம். துணியின்ர ரெண்டு கரையிலயும் குழாய் மாதிரித் தைச்சு அதுக்குள்ளால தடி ஓடும், தடியை உருவினால் துணி தோய்க்கலாம். ஆணி வேண்டாம், பித்தளை ஸ்குரூ. பொருத்து இடுக்கெல்லாம் பிசின் போட்டு அடைக்கச் சொன்னன், உண்ணி நாயில மட்டும் இருக்கிறதில்லை, சுவர் வெடிப்பு, மர இடுக்கு எண்டு வீட்டுக்குள்ளயே முட்டையிட்டுப் பெருகும்.

அதுக்குப் பக்கத்தில சுவரோட மூண்டடி நீளத்துக்கு ஒரு திண்ணை, 18 அங்குல உயரம், கீழ சப்பாத்து வைக்கலாம்.

மே 21, புதன்

தொடர்மாடிக் கமிட்டியில இருந்து கடிதம். பொதுக் கொரிடோரில மிருகங்கள் படுக்கக்கூடாதாம். அவன் அங்க படுத்தது முதல் மூண்டு நாள்தான். சரி, கதவுக்கு வெளியில அல்ல, உள்ளுக்குத்தானே கட்டுறம்.

மே 24, சனி

புறக்கோட்டைக்குப் போய் தும்புக் கயிறும் கன்வஸ் துணியும். பிறகு காலி வீதியில பெயாஃபூட் கடையில கைத்தறித் துணி, 1964ல பார்பரா சன்சோனி தொடங்கின கடை, அந்த நிறங்களை வேற எங்கயும் காணேலாது. எனக்குப் பிடிச்சது சிவப்பும் செம்மஞ்சளும். மகள் விடேல்ல, நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது, நீலமும் மஞ்சளும்தான் நல்லாத் தெரியும் எண்டு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நீலமும் மஞ்சளும் கோடு போட்டது எடுத்தம். பாதைக்குப் போடுற பாயும் நீலம், அந்த வெளிர் டைல்ஸில எங்க கால் வைக்கவேணும் எண்டு கிழவனுக்குத் தெளிவாத் தெரியும்.

குசினிக்குக் கருங்கல் வெட்டுற கடையில மிச்சத் துண்டு ஒண்டு குறைஞ்ச விலைக்குத் தந்தவை, ரெண்டடிக்கு மூண்டடி. மினுக்கின பக்கத்தைக் கீழயும் சொரசொரப்பை மேலயும் போட்டால் வழுக்காத குளிர் நிலம். 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் நிண்ட நாளுகளை மறக்கேல்ல நான், ஃபானை நம்பி ஒரு இடம் செய்யமாட்டன்.

மே 31, சனி

பாஸ் வந்து பூட்டினார். மரக் கதவுக்கு வெளியால இருக்கிற இரும்புக் கேற்றைப் பத்து வருசமா ஆரும் பாவிக்கேல்ல போல, துரு சுரண்டி நீலப் பெயின்ற் அடிச்சு, மிளகு நுழையாத மாதிரி உள்பக்கம் 316 வலை பூட்டியாச்சு. இனிப் பகலில மரக் கதவு திறந்திருக்கும், கேற் பூட்டியிருக்கும். திறந்த உடன வந்த காத்து! மேசையில இருந்த பில்லெல்லாம் பறந்துது.

மிளகுக்கும் பங்கு. நாயோட இருக்கிற பூனைக்கு நிலத்தால போகாத ஒரு வழி வேணும், அதால திண்ணைக்கு மேல மூண்டு தட்டு ஏணிப்படி மாதிரி, கடைசித் தட்டு ஆறடி உயரத்தில. பிறாண்ட ஒரு தூண், மூண்டடி, தும்புக் கயிறு இறுக்கிச் சுத்தினது. முழு உடம்பையும் நீட்டிப் பிறாண்ட அந்த உயரம் வேணும், ஆடினால் திரும்பியும் பாக்காது, அடியில கனமான பலகை. சோபா தப்பிச்சுது.

ஜூன் 1, ஞாயிறு

அம்மாவோட சின்னச் சண்டை. புதுத் திண்ணையைப் பீனோல் கிருமிநாசினி போட்டுத் துடைக்க வெளிக்கிட்டா, சப்பாத்துக்குப் பக்கத்தில பூச்சி உருண்டையும் வச்சிட்டா. பூனையின்ர ஈரலுக்கு பீனோலை முறிக்கத் தெரியாது அம்மா, காலில பட்டு நக்கினால் விசம் எண்டன். நாங்கள் வளத்த பூனையெல்லாம் செத்தே போச்சுது எண்டு கோவிச்சா. பிறகு தானே உருண்டையைப் பொறுக்கி எடுத்து, சவர்க்காரத் தண்ணியால துடைச்சா.

தண்ணிக்கு மண்சட்டி, கசிஞ்சு காய்ஞ்சு தண்ணி தானாக் குளிரும். டெங்கு காலம், வெறுமனத் தண்ணியை ஊத்திவிட்டால் காணாது, நுளம்பு முட்டை சட்டிக் கரையில ஒட்டியிருக்கும், தும்பால தேய்ச்சுக் கழுவவேணும். அது இனி அம்மாவின்ர வேலை எண்டு அவாவே எடுத்திட்டா.

ஜிம்மி இன்னும் கட்டிலில ஏறேல்ல. கல்லில படுக்கிறான், கட்டிலை மணந்து பாக்கிறான், அவ்வளவுதான். நான் ஏத்தி விடமாட்டன்.

ஜூன் 10, செவ்வாய், பொசன்

காலையில எழும்பி வர, கட்டிலில. நாலு காலும் நீட்டி, நீலமஞ்சள் துணி தொய்ஞ்சு, வாய் கொஞ்சம் திறந்து. போட்டோ எடுக்கப் போன் தேடினன், பிறகு சத்தம் போடாமல் தேத்தண்ணி வைக்கப் போட்டன்.

பின்னேரம் அம்மா திண்ணையில இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டு இருந்தா. அவன் கட்டிலில, மிளகு மேல் தட்டில. லிப்ட் வந்து நிண்டுது, தண்ணிப் போத்தல் கொண்டுவாற தம்பி. ஜிம்மி தலையைத் தூக்கி, வந்து முப்பத்தொன்பது நாளில முதல்தரமா, குரைச்சான். ரெண்டே ரெண்டு. தம்பி திடுக்கிட்டுக் கேற்றுக்கு அங்கால நிண்டிட்டான்.

அம்மா இலை உருவுறதை நிப்பாட்டேல்ல.

"சும்மா இரடா, தெரிஞ்ச பிள்ளைதான். நீ வா தம்பி, அவன் ஒண்டும் செய்யான்."